தாழிகள் மேட்டில், வாழ்ந்தவர்கள் எங்கே? நெய்யாற்றுச் சதுப்பு நிலம் எழுப்பும் கேள்வி

நெய்யாற்றின்கரை: விழிஞ்சம் சர்வதேசத் துறைமுகம் 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது முதல், கேரளத்தின் தென்கோடியில் ஒவ்வொரு சென்ட் நிலமும் வேறு கண்ணால் பார்க்கப்படுகிறது. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை நான்குவழிச் சாலை வந்துவிட்டது. எல்லையைத் தாண்டினால், அதே சாலையின் தொடர்ச்சி கன்னியாகுமரி மாவட்டத்தின் வயல்களையும் குளங்களையும் குறுக்கே கடந்து செல்கிறது. பூவாறு பொழிமுகத்திலிருந்து குமரிக் கடற்கரையை நோக்கிச் செல்லும் பழைய ஏ.வி.எம். கால்வாய், 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டத்தில் 13-ஆவது நீர்வழியாக இடம்பெற்றிருக்கிறது. பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், களியக்காவிளை எனத் தொடரும் எல்லையோர ஊர்களில் மேடுகள் வெட்டப்பட்டு, பள்ளங்கள் நிரப்பப்படுகின்றன.

இந்த மாற்றத்தின் பொருளாதாரப் பலன்களும் சுற்றுச்சூழல் பாதிப்புகளும் நிறையவே விவாதிக்கப்பட்டுவிட்டன. அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்று உண்டு. நிரப்பப்படும் அந்தப் பள்ளங்களின் சேற்றுக்குள், இப்பகுதியில் முன்பு வாழ்ந்த மக்களைப் பற்றிய சான்றுகள் கிடக்கக்கூடும். தென் திருவிதாங்கூரின் வரலாற்றில் இன்றுவரை விடை காணப்படாத ஒரு கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

மேடும் பள்ளமும்

அகத்திய மலையில் பிறக்கும் நெய்யாறு, சுமார் 56 கிலோ மீட்டர் ஓடி, பூவாற்றில் அரபிக்கடலை அடைகிறது. ஆற்றின் இருபுறமும் செம்பாறை மேடுகள். மேடுகளுக்கு இடையே நீர் தேங்கும் தாழ்நிலங்கள். எல்லையின் இருபுறத்து மக்களும் இந்தத் தாழ்நிலங்களை ‘ஏலா’ என்றே அழைக்கின்றனர். மேட்டு நிலம் ‘விளை’. களியக்காவிளை, அமரவிளை என ஊர்ப்பெயர்களிலேயே அது பதிந்து கிடக்கிறது. ஆறு கடலில் கலக்குமிடத்தில் மணல்திட்டு உடைந்தும் மூடியும் மாறும் வாய் ‘பொழி’. பொழியூர் என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. நெய்யாற்றின்கரை என்ற பெயருக்கு விளக்கமே தேவையில்லை. எந்த ஊர் மேட்டில் இருந்தது, எது நீரோடு ஒட்டியிருந்தது என்பதை இந்தப் பெயர்களை வைத்தே ஓரளவு வரைந்துவிடலாம். எழுத்தில் வராத வரலாற்றுக்கு ஊர்ப்பெயர்தான் முதல் சான்று.

மண்ணுக்குள் போனால் கதை சிக்கலாகிறது. கேரளம் முழுவதிலும் இரும்புக் காலத்து ஈமச்சின்னங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. நாம் முதுமக்கள் தாழி என்பதை அங்கே ‘நன்னங்ஙாடி’ என்கிறார்கள். திருச்சூர் மாவட்டம் போர்க்களத்தில் பி.கே. தாப்பர் 1948-இல் அகழ்ந்ததிலிருந்து இன்றுவரை தாழிகள், கல்வட்டங்கள், குடைக்கற்கள், பாறைக்குடைவுகள் என அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் அந்தத் தாழிகளில் புதைக்கப்பட்டவர்கள் உயிரோடு இருந்தபோது எங்கே வாழ்ந்தார்கள்? அந்த அளவுக்கு வாழ்விடங்கள் கிடைக்கவில்லை. இறந்தவர்களின் வீடுகள் நூற்றுக்கணக்கில் இருக்க, வாழ்ந்தவர்களின் வீடுகள் மிகச் சொற்பம். கேரளத் தொல்லியலில் நெடுங்காலமாகத் தொடரும் புதிர் இது.

பலர் பல காரணங்கள் சொல்கின்றனர். ஓலையும் மூங்கிலும் கொண்டு கட்டிய குடில்கள் மழையில் கரைந்திருக்கும் என்பது ஒன்று. காட்டை எரித்துப் பயிரிட்டு இடம் மாறிக்கொண்டே இருந்திருப்பர் என்பது மற்றொன்று. மக்கள் நெருங்கி வாழும் மாநிலம் என்பதால், பழைய குடியிருப்பின் மேலேயே இன்றைய வீடுகள் நிற்கின்றன என்பதும் உண்மையே. இவற்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாம் இதுவரை மேட்டில்தான் அதிகம் தேடியிருக்கிறோம். செம்பாறை மேட்டில் கல்லும் சுடுமண்ணும் கண்ணுக்குத் தெரியும். நெல்வயலின் அடியில் இரண்டு, மூன்று மீட்டர் ஆழத்தில் இருப்பது யாருக்கும் தெரியாது.

சேறு எதைக் காக்கும்?

சதுப்பு நிலம் ஒரு வினோதமான காப்பகம். நீர் ஊறிய களிமண்ணுக்குள் ஆக்சிஜன் புகுவதில்லை. மரத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே இயங்க முடிவதில்லை. வறண்ட நிலத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செல்லரித்துப்போகும் மரக்கட்டை, சேற்றில் ஆயிரம் ஆண்டுகளையும் தாண்டும். பாய், கயிறு, கூடை, துடுப்பு, விதை, உமி, பூந்துகள் என வறண்ட மேட்டில் கிடைக்கவே கிடைக்காதவை இங்கே கிடைக்கும். குட்டநாட்டுக் கரிநிலங்களில் புதைந்து கறுத்த மரங்கள் வெளிவருவதை அப்பகுதி உழவர்கள் நன்கு அறிவர். ‘கண்டமரம்’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. எதிர்மறையான பக்கமும் உண்டு. அமிலத்தன்மை மிக்க மண் எலும்பை அரித்துவிடும். ஆகவே சேறு மனிதனின் உடலைக் காட்டாமல் போகலாம். அவன் கையால் செய்ததையும், உண்டதையும் காட்டும்.

இது வெறும் கோட்பாடன்று. எர்ணாகுளம் மாவட்டத்தில் பெரியாற்றுப் படுகையிலுள்ள பட்டணம் இதற்கு நேரடிச் சான்று. மழை பெய்தால் மண்ணிலிருந்து மணிகள் வெளிவருவதை அந்த ஊர் மக்கள் நெடுங்காலமாகப் பார்த்து வந்தனர். கே.பி. ஷாஜனும் வி. செல்வகுமாரும் அந்த இடத்தின் தொன்மையைத் தொல்லியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வு மன்றம் பி.ஜே. செரியன் தலைமையில் அகழாய்வு நடத்தியது. ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள்தாம் தலைப்புச் செய்தியாயின. ஆனால் அங்கே நீர் ஊறிய அடுக்கிலிருந்து வெளிவந்த ஏறத்தாழ 6 மீட்டர் நீளப் படகும், அதன் அருகே நட்டிருந்த தேக்குக் கட்டுத்தறிகளும், மிளகும் நெல்லும் அவற்றைவிடப் பெரிய செய்தி. அயினி மரத்தைக் குடைந்து செய்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுள்ள அந்தப் படகைச் செய்தவர் ரோமானியர் அல்லர்; உள்ளூர்த் தச்சர். ரோமானியச் சாடி எந்த மண்ணிலும் தப்பிக்கும். உள்ளூர்த் தச்சரின் கைவேலை தப்ப வேண்டுமானால் சேறுதான் வேண்டும்.

ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலை வட்டத்திலுள்ள கடக்கரப்பள்ளியும் இதையே சொல்கிறது. அங்கே தென்னந்தோப்புக்கு அடியிலிருந்து 2003-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட இடைக்காலப் படகு 18 மீட்டருக்கும் மேல் நீளமுடையது. கடல் பின்வாங்கி, காயல் தூர்ந்து, தோப்பாகிப்போன இடத்தில் ஒரு பெரிய மரக்கலம் அப்படியே கிடந்தது.

அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று இங்கே எச்சரிக்கையாகவும் அமைகிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள ஸ்டார் கார் என்ற சதுப்பில், 1949 முதல் 1951 வரை கிரஹாம் கிளார்க் நடத்திய அகழாய்வு, ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கரையில் வாழ்ந்த வேட்டைக்குடிகளின் வாழ்வை வெளிக்கொணர்ந்தது. மரத்தள மேடைகளும் மான்கொம்புக் கருவிகளும் அன்று நல்ல நிலையில் கிடைத்தன. இந்த நூற்றாண்டில் அங்கே திரும்பச் சென்ற ஆய்வாளர்கள் அதிர்ந்தனர். வேளாண்மைக்காக நீர் வடிக்கப்பட்டதால் மண் காய்ந்து, அமிலம் ஏறி, எலும்புகள் குழைந்துபோயிருந்தன. ஒரு தலைமுறைக்குள் சதுப்பு தன் நினைவை இழந்துவிட்டது. சேறு நனைந்திருக்கும் வரைதான் காப்பாற்றும். வடித்துவிட்டால், புல்டோசர் வராமலே சான்று அழிந்துவிடும்.

செப்பேடு சொல்வது

நெய்யாற்றுப் பகுதிக்கு எழுதப்பட்ட வரலாறே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. சொல்லப்போனால், தென்னிந்தியாவிலேயே சுவையான ஆவணங்களுள் ஒன்று இப்பகுதிக்கு உரியது. ஆய் வேந்தன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் வெளியிட்ட பார்த்திவபுரம் செப்பேடு அது. பாறசாலையிலிருந்து அதிகத் தொலைவில்லாத, இன்றைய குமரி மாவட்டத்து முஞ்சிறை ஊர்ச்சபையிடமிருந்து மன்னன் மாற்று நிலம் கொடுத்து இடம் பெற்று, கோயில் எழுப்பி, 95 மாணவர்களுக்கான சாலை ஒன்றையும் நிறுவிய செய்தியை அது கூறுகிறது. எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை இடம், மாணவர்கள் ஒழுங்கு மீறினால் என்ன தண்டம் என்பது வரை அதில் உண்டு. இன்றைய விடுதிக் காப்பாளர்கள் படித்தால் சிரிப்பார்கள்.

அந்தச் சாலைக்கு முன்மாதிரியாக இருந்த காந்தளூர்ச் சாலை எங்கே இருந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே நூறாண்டாக வழக்கு நடக்கிறது. திருவனந்தபுரத்தின் வலியசாலை என்பது பலரின் முடிவு. நெய்யாற்றின்கரைப் பக்கம் தேடுவோரும் உண்டு. முதலாம் ராஜராஜன் அங்கே ‘கலம் அறுத்தான்’ எனக் கல்வெட்டுகள் கூறுவதில் வரும் கலம் கப்பலா, உண்கலமா என்ற வாதமும் ஓயவில்லை. சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கை இன்னும் நூறாண்டு நடத்தலாம். கப்பல்தான் என்பவர்களுக்குத் தேவைப்படும் சான்று, ஏதோ ஒரு பழைய கழிமுகத்தின் சேற்றில் ஒரு மரப்பலகையாகக் கிடக்க வேண்டும்.

விழிஞ்சத்தில் 2010-களின் தொடக்கத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், மேற்காசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த மட்கலன்களின் உடைசல்கள் கிடைத்தன. சிதறால் மலையில் ஆய் வேந்தன் விக்கிரமாதித்திய வரகுணன் காலக் கல்வெட்டும் சமணச் சிற்பங்களும் உள்ளன. ஆக, துறைமுகம் தெரியும், மலைக்கோயில் தெரியும், அரசன் பெயரும் ஆண்டும் தெரியும். அந்த 95 மாணவர்களுக்குச் சோறிட்ட நெல்லை விளைவித்தவர் எந்தப் பானையில் உண்டார், எந்த ஏலாவின் கரையில் குடிலமைத்தார், அந்த ஏலா முதன்முதலில் எப்போது வயலாகத் திருத்தப்பட்டது என்பவை மட்டும் தெரியாது.

எழுத அனுமதிக்கப்படாதவர்கள்

இந்தக் கேள்விக்கு இன்றைய அரசியல் பொருளும் உண்டு. விழிஞ்சத்துக்கு அருகே, நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் 1863-இல் பிறந்தவர் அய்யன்காளி. பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டியவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று உழைப்பாளரைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தினார். நிலத்தோடு சேர்த்து மனிதரையும் விற்று வாங்கிய அடிமை முறை திருவிதாங்கூரில் சட்டப்படி ஒழிந்ததே 1855-இல்தான். ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைப் பள்ளியில் அமர்த்த முயன்றதற்காகக் கலவரமே மூண்டது.

சேற்றில் இறங்கி உழைத்தவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. செப்பேட்டிலும் கல்வெட்டிலும் அவர்கள் தம் குரலில் பேச வழியில்லை. அவர்களது முன்னோர் விட்டுச்சென்ற ஆவணம் என்று ஒன்று இருக்குமானால், அது அவர்கள் திருத்திய மண்தான். வரப்பின் அடுக்கு, உமியின் கரி, உடைந்த சட்டி, மரக்கலப்பையின் நுனி ஆகியவையே அதன் பக்கங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களும் பிற்காலத்தில் அங்கே உழைத்தவர்களும் ஒரே மக்கள்தாம் என்று சான்றில்லாமல் முடிவு கட்டுவது தவறு. தொல்லியல் அதைச் சரிபார்க்கவாவது சேறு மிஞ்சியிருக்க வேண்டும்.

அண்மைக்காலத் தொல்லியல் செய்திகள் பெரும்பாலும் தொன்மைப் போட்டியாகவே வாசிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் இரும்பின் காலம் 5,300 ஆண்டுகளுக்குப் பின்னால் போகிறது என்ற அறிவிப்பு 2025 ஜனவரியில் வந்தது. கீழடி அறிக்கையைத் திருத்தித் தருமாறு மத்தியத் தொல்லியல் துறை கேட்டதும், அதைத் தொடர்ந்த அரசியல் மோதலும் வாசகர்கள் அறிந்தவையே. யார் முந்தியவர் என்ற கேள்வி முக்கியமானதுதான். ஆனால் சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என அறிவிக்கப்பட்டபோது, ஆண்டுக் கணக்கு பேசப்பட்ட அளவுக்கு, அந்த நெல் எந்த வயலில், எப்படி நீர் பாய்ச்சி விளைந்தது என்பது பேசப்படவில்லை. அது பொருநைக் கரையின் கதை. குழித்துறை வழியே ஓடும் குமரி மாவட்டத்து ஆற்றுக்கும் தாமிரபரணி என்றே பெயர். நெய்யாற்றுக்கும் இந்த ஆற்றுக்கும் இடைப்பட்ட ஏலாக்களில், இதே கேள்வியைக் கேட்க இன்னும் நேரமிருக்கிறது.

செய்யக்கூடியது என்ன?

பட்டணம் அளவுக்குப் பெரிய அகழாய்வு தேவை என்பதில்லை. முதல் கட்டத்துக்குக் கைத்துளைக் கருவியே போதும். ஏலாவின் நடுவில் சில மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கி மண்தூணை எடுத்தால், அது ஒரு நாட்குறிப்பு போல அடுக்கடுக்காக இருக்கும். அதில் சிக்கிய பூந்துகள், காடு எப்போது குறைந்தது, புல்லினப் பயிர் எப்போது மிகுந்தது என்று சொல்லும். கரித்துகள் அடுக்கு, காடு எரிக்கப்பட்ட காலத்தைக் காட்டும். நீர்ப்பாசி நுண்ணுயிரிகளின் ஓடுகள், அங்கே நின்றது உப்புநீரா நன்னீரா என்பதைப் பிரித்துக் காட்டும். கடைசிப் பனியுகத்துக்குப் பின் உயர்ந்த கடல்மட்டம், ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய நிலையை நெருங்கியது. அதற்குப் பிறகே இக்கடற்கரையின் பொழிகளும் காயல்களும் இன்றைய வடிவத்தை அடைந்தன. ஆகவே மண்தூணின் அடிப்பகுதியில் நிலம் உருவான கதையும், மேற்பகுதியில் மனிதர் வந்த கதையும் இருக்கும்.

சட்டத்தில்தான் ஓட்டை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்றால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை உண்டு. வயல் நினைவுச்சின்னம் ஆகாது. மண்ணில் கிடைக்கும் புதையலை அரசுக்குத் தெரிவிக்கத் தமிழ்நாட்டில் 1878-ஆம் ஆண்டுச் சட்டமும், கேரளத்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. பொற்காசு கிடைத்தால் அந்தச் சட்டம் நினைவுக்கு வரும். கறுத்த பலகையை யார் புதையல் என்பார்கள்? கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் ஏலாக்களுக்கு ஓரளவு அரணாக நிற்கிறது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தம், பதிவேட்டில் சேராத நிலங்களைக் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ள வழி திறந்தது. அந்தச் சட்டத்தின் அக்கறை உணவும் சூழலும். மண்ணுக்கடியில் இருப்பது அதன் பார்வையில் இல்லை.

ஆயினும் அதே சட்டம் ஒரு நல்ல கருவியை ஏற்கெனவே உருவாக்கித் தந்திருக்கிறது. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், உழவர் பிரதிநிதிகள் அடங்கிய உள்ளூர்க் கண்காணிப்புக் குழு ஒவ்வோர் ஊராட்சியிலும் உண்டு. நிலம் மாற்றக் கேட்டு வரும் விண்ணப்பத்தை முதலில் பார்ப்பது இந்தக் குழுதான். அதன் ஆய்வுப் படிவத்தில் கூடுதலாக ஒரு கேள்வி சேர்ந்தால் போதும்: கிணறோ குளமோ தோண்டியபோது இங்கே மரம், பானையோடு, கரிப்படலம் ஏதும் கிடைத்ததா? பதில் ‘ஆம்’ என்றால் மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒரு தகவல். இதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை.

ஒரே நீர், இரு துறைகள்

பெரிய தடை வேறொன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டுடன் இணைந்தன. தெற்கெல்லைப் போராட்டக்காரர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மொழியைப் பொறுத்தவரை அந்தக் கோட்டைப் பற்றி இருவேறு கருத்து இருக்கலாம். ஆறும் சதுப்பும் அந்தக் கோட்டை அறியமாட்டா. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்த நீர் 2004-இல் நிறுத்தப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது, இந்தப் பிரிவினை எவ்வளவு ஆழமாகப் பாயும் என்பதற்குச் சான்று. தொல்லியலிலும் அதே நிலைதான். முஞ்சிறை சென்னையின் பொறுப்பு. பாறசாலை திருவனந்தபுரத்தின் பொறுப்பு. கருநந்தடக்கன் ஆண்ட ஒரே நாட்டை இரு துறைகள் இரு வரைபடங்களில் பாதி பாதியாகப் பார்க்கின்றன.

மாற்றம் சாத்தியமற்றதன்று. பட்டணத்தில் கேரளத் தொல்லியல் வல்லுநர்களோடு இணைந்து அகழாய்வு மேற்கொள்ளப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். முசிறி என்ற புகழ்பெற்ற பெயர் அந்த அறிவிப்புக்குப் பின்னால் இருந்தது. காரோட்டு ஏலாவுக்கு அப்படி ஒரு பெயரில்லை. ஆனால் இரு மாநிலங்களும் கைகோத்துத் தொடங்க இதைவிட எளிதான இடமும் இல்லை. ஏ.வி.எம். கால்வாய் இரு மாநிலங்களுக்கும் பொதுவானது; நீர்வழிச் சட்டத்தின்படி மத்திய அரசின் பார்வையிலும் இருக்கிறது. 1860-களில் திருவிதாங்கூர் அரசு வெட்டிய அந்தக் கால்வாய் பல இடங்களில் தூர்ந்து, ஆக்கிரமிக்கப்பட்டுக் கிடக்கிறது. என்றைக்காவது அது நீர்வழியாக மீட்கப்படுமானால், தூர்வாரும் இயந்திரங்கள் கடற்கரைச் சதுப்பை நீளவாக்கில் கிழித்துக்கொண்டுதான் செல்லும். பெருஞ்செலவில் கிடைக்கும் நீண்ட ஆய்வுக்குழி அது. திட்ட மதிப்பீட்டிலேயே தொல்லியல் கண்காணிப்புக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கினால், இயந்திரத்தின் அருகே ஓர் ஆய்வு மாணவர் நிற்க முடியும்.

இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்பில், ஏறத்தாழ கி.மு. 3807-இல் போடப்பட்ட மரநடைபாதையை 1970-இல் முதலில் கண்டவர் பேராசிரியர் அல்லர். கரிமண் வெட்டும் தொழிலில் இருந்த ரே ஸ்வீட் என்பவர். வித்தியாசமான பலகை தட்டுப்பட்டதும் அவர் அதைத் தூக்கி எறியவில்லை. அந்த நடைபாதை இன்றும் அவர் பெயராலேயே ‘ஸ்வீட் பாதை’ என்று அழைக்கப்படுகிறது. பாறசாலையிலோ களியக்காவிளையிலோ குளம் வெட்டும் தொழிலாளியின் மண்வெட்டியில் நாளை அப்படி ஒரு பலகை இடறினால், அவர் தகவல் சொல்ல ஒரு தொலைபேசி எண்கூட ஊராட்சிப் பலகையில் எழுதப்பட்டிருப்பதில்லை. அந்தப் பலகை விறகாகவே போய்ச் சேரும்.